கறுவலின் முதலாண்டு

நாய் வேண்டும் என்று பிள்ளைகள் இருவரும் எப்போது கேட்கத் தொடங்கினார்கள் என்பது எனக்கு நினைவில்லை. மறுப்பு எப்போதும் எனது மனைவியிடமிருந்தே வரும். “ஆர் உதின்ர ஊத்தை அள்ளுறது?” என்பார். உண்மைக் காரணம் அதுவல்ல என்பதை நான் அறிவேன். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் மழைக்குள் வீதியில் இறங்கியபோது, அவர்களுடைய வீட்டு நாயும் பின்னால் வந்திருக்கிறது. நாவற்குழிப் பாலத்தை அண்மித்த சனநெரிசலில் அதைத் தவறவிட்டார்கள். 1996 இல் வீடு திரும்பியபோதும் அது அங்கே இல்லை. அந்த நாயின் பெயரை அவர் எனக்குச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

2022 ஜூன் தொடக்கத்தில், தெஹிவளையில் எங்கள் ஒழுங்கை முகப்பில் பெற்றோலுக்காக வரிசையில் நின்ற முச்சக்கர வண்டியொன்றின் கீழிருந்து மகன் ஒரு குட்டியைத் தூக்கிவந்தான். கறுப்பு நிறம், கழுத்தில் மட்டும் வெள்ளை. ஏழு வாரமிருக்கும் என்று பல்லைப் பார்த்து மிருக வைத்தியர் சொன்னார். மகள் கறுவல் என்று பெயர் வைத்தாள். மனைவி எதுவும் சொல்லவில்லை. அதைத் தொடவுமில்லை.

குட்டிகள் தூங்கி எழுந்ததும், தின்று முடித்ததும், விளையாடி ஓய்ந்ததும் இடம் தேடும். அந்த நேரமறிந்து வெளியே கொண்டுபோனால் பழகிவிடும்; அடித்தால் ஒளித்திருந்து செய்யத்தான் பழகும். இதை நாங்கள் கற்றுக்கொள்ளும்வரை நிலத்தில் பத்திரிகை விரித்தோம். அச்சுத்தாள் தட்டுப்பாட்டால் பத்திரிகைகள் மெலிந்திருந்த காலம் அது. பெரும்பாலும் எனது கட்டுரை வந்த பக்கத்தையே கறுவல் தெரிவுசெய்தது. இத்தனை ஆண்டுகால எழுத்துக்கு இவ்வளவு உடனடியான விமர்சனம் எனக்குக் கிடைத்ததில்லை.

முதலாவது தடுப்பூசி ஜூன் நடுப்பகுதியில் போடப்பட்டது. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் இருக்கும்வரை ஊசி முழுமையாகப் பிடிக்காது. அதனால்தான் மூன்று நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரமாகும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். இரண்டாவது ஊசிக்கு அட்டையில் எழுதியிருந்த திகதி ஜூலை 9. அன்று நான் கோட்டையில், ஜனாதிபதி மாளிகைக்குள் சனம் புகுந்த செய்தியைச் சேகரித்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் செய்திகள் ஓயவில்லை. நாட்டுக்கு நடந்ததெல்லாம் எனக்குத் திகதி வாரியாகத் தெரிந்திருந்தது. அட்டையிலிருந்த திகதி மறந்துபோயிற்று.

ஒரு வாரத்தின் பின் கறுவல் சாப்பிட மறுத்தது. பிறகு வாந்தி, இரத்தம் கலந்த வயிற்றோட்டம். பார்வோ வைரஸ். வாகனமெதுவும் கிடைக்கவில்லை, மகன் சைக்கிள் மிதிக்க, மகளின் பள்ளிக்கூடப் பையில் அதை வைத்துக்கொண்டு நான் பின்னால் அமர்ந்துபோனேன். சேலைன் ஏற்றி, ஊசிகள் போட்டு, இனி உடலில் நீர் குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை என்றார் வைத்தியர். ஊசி தவறியது ஏன் என்று அவர் கேட்டார். மகன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

அன்றிரவு ஒரு மணிக்கு எழுந்துவந்தபோது சமையலறையில் வெளிச்சம் இருந்தது. வாந்தி நின்றதும் சிறிது சிறிதாகக் கொடுக்கச் சொல்லியிருந்த ஜீவனிக் கரைசலைச் சிரிஞ்சில் எடுத்து, கடைவாயில் துளி துளியாக விட்டபடி மனைவி நிலத்தில் அமர்ந்திருந்தார். “இஞ்சருங்கோ, நீங்கள் போய்ப் படுங்கோ. விடிய வேலை இருக்கெல்லோ,” என்றார். அதில் கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. நான்கு இரவுகள் அப்படிக் கழிந்தன. ஐந்தாம் நாள் கறுவல் தானாக எழுந்து, தள்ளாடியபடி போய்த் தண்ணீர் குடித்தது.

அதன்பின் பால்பற்கள் விழுந்து புதுப்பற்கள் முளைத்தன. இருபத்தெட்டுப் பல்லுக்குப் பதிலாக நாற்பத்திரண்டு. அந்த வளர்ச்சிக்கு நான்கு சோடிச் செருப்புகளும் கதிரைக்கால் ஒன்றும் பலியாயின. மகள் ஊட்டவிருந்த சொக்கலேட்டைத் தட்டிப்பறித்தவர் மனைவிதான். அது நாய்க்கு நஞ்சு என்று எங்கோ வாசித்திருந்தார். கோழி எலும்பையும் கறுவலுக்கு எட்டவிடமாட்டார். வேகவைத்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழித்துவிடும் என்பது அவருடைய பயம்; அது சரியான பயந்தான்.

ஒக்டோபரில் ஒரு மாலை இடியுடன் பெருமழை. முற்றத்தில் நின்ற கறுவல் மிரண்டு சுவரோடு ஒதுங்கிவிட்டது. “ஜிம்மி, ஓடி வா உள்ளுக்கு!” என்று வாசலில் நின்று மனைவி கத்தினார். அது வந்தது. யார் ஜிம்மி என்று மகள் கேட்டாள். “பேசாமப் போய்ப் படி,” என்றுவிட்டு, துவாயை எடுத்து அதன் காதுகளை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

2023 இல் ஆண்டுக்கொரு முறைக்கான ஊசிக்கு நாள் வந்தது. நாட்காட்டியில் நான் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தேன். மனைவி என்னை நம்பவில்லை. திகதிக்கு முதல்நாளே முச்சக்கர வண்டி பிடித்து, கறுவலை மடியில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.