சாவுக்கு முந்தின வேலை

எங்க தாத்தா வெட்டியான். ஊரில் யார் செத்தாலும் பறையடிப்பது, குழி வெட்டுவது, பிணம் வேகும்வரை பக்கத்தில் நிற்பது எல்லாம் அவர் தலையில் விழுந்தது. கொடுக்கிற நெல்லைத் தள்ளி நின்று துண்டில்தான் வாங்கணும். நைனா காலத்தில் காலனி கூடி, இனி ஊர்ச் சாவுக்குப் போவதில்லை என்று முடிவெடுத்தது. அதற்குத் தண்டனையாகப் பல மாதம் யாருக்கும் கழனி வேலை இல்லை.

அந்தக் குடும்பத்துப் பெண் நான், திருவாலங்காட்டைச் சுற்றிச் சாகக் கிடப்பவர்களின் புண்ணைக் கழுவப் போகிறேன். "தாத்தா தூக்கிப் போட்டத நீ போய்ப் பொறுக்கிக்கினு வர்றியா?" என்று தோழர் ஒருவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். தாத்தாவை ஏவினார்கள். என்னை யாரும் ஏவவில்லை. அவரைக் கூப்பிட்டது பிணத்துக்கு. நான் போவது உயிரோடு இருப்பவரிடம், அதுவும் முதலில் எங்கள் காலனிக்கு.

காரைக்கால் அம்மையார் இந்த ஆலங்காட்டுச் சுடுகாட்டைத்தான் பாடினார். பாடியவர் நாயன்மாராகக் கோயிலுக்குள் இருக்கிறார். சுடுகாட்டில் வேலை செய்தவனைத் தெருவுக்குள்ளேயே விடவில்லை.

"இனி செய்ய ஒன்னுமில்ல, வீட்டுக்குக் கூட்டிப் போங்க" என்று மருத்துவர்கள் சொல்கிற இடத்தில் எங்கள் வேலை தொடங்குகிறது. செய்ய நிறைய இருக்கிறது. படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்கணும். அதை வீட்டாருக்குச் சொல்லித் தரணும். எங்கள் காலனியில் ஓர் அக்காவுக்கு மார்பில் புற்று வெடித்துவிட்டது. நாற்றம் தாங்காமல் சொந்தத் தங்கச்சியே வாசலோடு திரும்பிப் போனாள். மெட்ரோநிடசோல் மாத்திரையை நுணுக்கிப் புண்ணில் தூவினோம். நாலைந்து நாளில் நாற்றம் அடங்கியது. தங்கச்சி வந்து தலை வாரிவிட்டாள். நாற்றமென்று சொல்லி மனுஷரைத் தள்ளிவைப்பது எப்படியென்று எங்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

ஊர்த்தெருவிலிருந்தும் ஆள் வந்தது. கன்னத்தில் புற்று வந்த கிழவி. மருமகள் சொன்னாள்: "தோட்டத்து வழியா வந்துடும்மா." நாங்கள் ரெண்டு பேரும் முன்வாசலில்தான் வருவோம் என்றோம். மூணு நாள் பதிலில்லை. நாலாம் நாள் முன்கதவு திறந்தது. கட்டுப் போட்டு முடித்ததும் கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ யாரூட்டுப் பொண்ணு?" என்றாள். தாத்தா பேரைச் சொன்னேன்.

"அவனா? எங்க ஊட்டுக்காரருக்கு அவன்தான் குழி வெட்டினான்."

"அவருன்னு சொல்லுங்க ஆயா."

கிழவி கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். "அவருதான்" என்றாள். மருமகள் தண்ணீரைத் தூக்கியெறிகிற பிளாஸ்டிக் டம்ளரில்தான் கொடுத்தாள். கடைசிவரை அப்படித்தான். மனம் மாறிவிட்டார்கள் என்று கதை எழுத என்னால் முடியாது.

கோழிக்கோட்டில் 1993இல் மருத்துவர்கள் ஆரம்பித்த வலி நிவாரணச் சங்கத்தில் அக்கம்பக்கத்து ஜனங்களே தொண்டர்களாகச் சேர்ந்தார்கள். இங்கே மணலி அருகே மாத்தூரில் ஜீவோதயா இல்லம் புற்று முற்றியவர்களை இலவசமாக வைத்துப் பார்க்கிறது. 2021 ஆகஸ்டில் அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிற ஏற்பாடும் உண்டு. அதில் வீடுவீடாக நடக்கிற பெண்களுக்குக் கிடைப்பது சம்பளமல்ல, ஊக்கத்தொகை. தொண்டு என்றால் பொழுது மிஞ்சியவர்கள் செய்வது என்ற நினைப்பு நகரத்தில் இருக்கிறது. எங்கள் கூட வருகிறவர்கள் பாதிப்பேர் கழனிக் கூலிகள்.

எல்லாம் இருந்தும் வலிக்கு மார்ஃபின் வேணும். அபினை விளைவித்து வெளிநாட்டுக்கு விற்கிற நாடு இது. 1985 போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியில் ஏழையின் வலிக்கு அது எட்டாமல் போனது. 2014இல் சட்டத்தைத் திருத்தினார்கள்; பல உரிமங்களுக்குப் பதில் ஒரே அங்கீகாரம் போதும் என்றானது. ஆனாலும் மாத்திரை எங்கள் தெருவுக்குத் தானாக நடந்து வராது. நாலு மணிக்கொரு தரம் கொடுக்கணும். ராத்திரி ஒரு வேளை தவறினால் விடிவதற்குள் அக்கா தலையணையைக் கடிக்க ஆரம்பிப்பாள்.

அவள் மகனுக்குக் காக்களூர் தொழிற்பேட்டையில் ஒப்பந்த வேலை. ஒருநாள் சென்னைக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. இருக்கிற மாத்திரை வெள்ளிக்கிழமைவரை வரும். வியாழக்கிழமை விடியற்காலை மின்சார ரயிலுக்கு நான் சீட்டை எடுத்துக்கொண்டு கிளம்பணும்.