வெள்ளையனின் ஸ்நானம்

பத்திரிகை ஆபீஸில் உட்கார்ந்து நாலு புத்தகங்களைப் புரட்டினால் எதைப் பற்றியும் எழுதிவிடலாம். "வீட்டு நாயைக் குளிப்பாட்டுவது எப்படி?" என்று நானும் ஒரு தடவை எழுதியிருக்கிறேன். அதுவரை நான் குளிப்பாட்டிய ஒரே ஜீவன் என் பெண்தான் என்பது பாவம், வாசகிகளுக்குத் தெரியாது!

சென்ற ஆடி மாதம் கடையநல்லூரில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். மேற்கு மலையிலிருந்து சாரல் காற்று ஜிலுஜிலுவென்று வீசிக்கொண்டிருந்தது. அத்தை வீட்டில் வெள்ளையன் என்று ஒன்றரை வயதில் ஒரு நாய். பால் போன்ற உடம்பு; ரோஜா நிற மூக்கு. அசல் இராஜபாளையம். அந்தப் பக்கத்தில் இது அதிசயமல்ல. மதுரைச் சாலையில் புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி தாண்டினால் இராஜபாளையம் வந்துவிடும். 2005இல் தபால் இலாகா இந்த ஜாதி நாய்க்கு ஸ்டாம்பே வெளியிட்டுக் கௌரவித்தது. ஆனால் மாமாவிடம் வெள்ளையனுக்குக் கௌரவம் கிடையாது.

"கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டான். பின்னால போனா கடிக்க வாரான். அம்புட்டும் திமிரு! ஞாயித்துக்கிழமை தோப்புக்கு அனுப்பிருதேன். அங்க சங்கிலியில கெடக்கட்டும்" என்றார் மாமா.

அத்தையின் கண் கலங்கியது. "போறதுதான் போறான், குளிப்பாட்டியாவது அனுப்புவோம். எம்மா, நீதான் பத்திரிகையில எழுதினியே!" என்றாள்.

வசமாக மாட்டிக்கொண்டேன்.

புறவாசலில் சுபகாரியம் ஆரம்பமாயிற்று. முதலில் உதிர்கிற ரோமத்தைச் சீப்பால் வாரி எடுத்தேன். காதுக்குள் தண்ணீர் போகாமல் பஞ்சு வைத்தேன். அத்தை கொண்டு வந்த வாசனை சோப்பைத் திருப்பி அனுப்பினேன். நம் தோலில் இருக்கும் அமிலத்தன்மை நாயின் தோலில் அவ்வளவு இல்லை. நம் சோப்பும் ஷாம்புவும் அதற்கு அரிப்பை உண்டாக்கும். நாய்களுக்கென்றே விற்கும் ஷாம்பு இருந்தது. எல்லாம் சாஸ்திரப்படி!

பிறகு பின்பக்கமாகப் போய், முதுகில் ஒரு செம்பு வெந்நீரை ஊற்றினேன். அவ்வளவுதான். வெள்ளையன் சுழன்று பாய்ந்தான். பல் படவில்லை, என் புடவைத் தலைப்புதான் கிழிந்தது. நெஞ்சு படபடத்தது.

"பாத்தியா?" என்றார் மாமா, வெற்றி பெற்றவர்போல.

அத்தை பேசாமல் வெள்ளையனுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். உள்ளங்கையை நீட்டி மோந்து பார்க்க விட்டாள். கழுத்தைத் தடவினாள். பிறகு காலிலிருந்து ஆரம்பித்து மெதுவாகத் தண்ணீரை மேலே கொண்டு போனாள். சற்றுமுன் பாய்ந்த அந்தப் பிராணி, கண்ணை மூடிக்கொண்டு குழந்தைபோல நின்றது!

தைரியம் பெற்று நானும் அருகில் உட்கார்ந்தேன். விரலிடுக்கில் உண்ணிகள், காது மடலுக்குள் இன்னும் நாலைந்து. மாமா மண்ணெண்ணெய்ப் புட்டியை எடுத்து வந்தார். தடுத்துவிட்டேன். அது தோலைப் புண்ணாக்கும், நக்கினால் விஷம். இடுக்கியால் உண்ணியைத் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். வெறுங்கையால் நசுக்கவும் கூடாது. நாய்க்குக் காய்ச்சல் வந்து உயிருக்கே ஆபத்தாவது இந்த உண்ணிகளால்தான்.

காதில் கை வைத்திருந்த சமயம், சமையலறையில் குக்கர் வீலென்று அலறியது. நான் துள்ளினேன். மதில்மேல் இருந்த பூனை ஓடிற்று. வெள்ளையனின் காது மட்டும் என் கையில் அசையவே இல்லை.

பஞ்சை எடுத்துவிட்டு, அவன் பார்வைக்குப் படாமல் பின்னால் நின்று கை தட்டினேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். ஊஹூம்! "அத்தை, இவனுக்குக் காது கேட்கவில்லை!" என்று கத்தினேன்.

மறுநாள் கால்நடை டாக்டர் பரிசோதித்து, பிறவிச் செவிடு என்றார். வெள்ளை ரோம நாய்களிடம், இராஜபாளையத்தில் கூட, இந்தக் குறை காணப்படுவதுண்டாம். உட்காதில் நிறம் தரும் அணுக்கள் இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களில் கேட்கும் சக்தி போய்விடும். சிகிச்சை இல்லை. தரை அதிர்வையும் மோப்பத்தையும் கொண்டே அவன் எல்லாவற்றையும் சமாளித்து வந்ததால் யாருக்கும் சந்தேகம் தோன்றவில்லை. "இவனுக்கு ஜோடி தேட வேண்டாம். சாலையில் அவிழ்த்தும் விடாதீர்கள்" என்றார் டாக்டர்.

திமிர் அல்ல, திடீரென்று தொட்டால் உண்டாகும் பயம்! மாமா வெகு நேரம் பேசவில்லை. பிறகு வெள்ளையனுக்கு முன்னால் போய் நின்று, அத்தையைப் போலவே உள்ளங்கையை நீட்டினார். ஞாயிற்றுக்கிழமை வந்தது, போயிற்று. யாரும் தோப்புப் பேச்சையே எடுக்கவில்லை.

சகோதரிகளே, என் பழைய கட்டுரையில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. நாயைக் குளிப்பாட்டுவது அழகுக்காக மட்டும் அல்ல. கண்ணுக்குத் தெரியாததைக் கையால் கண்டுபிடிப்பதற்கும்தான். ஆகவே முதலில் முன்னால் வந்து கையைக் காட்டுங்கள்.

போன வாரம் மாமா டெலிபோனில் பேசினார். "கையைக் காட்டுன ஒடனே வெள்ளையன் ஓடி வந்துருதான். ஒங்க அத்தைதான், காது நல்லாக் கேட்டும் கூப்பிட்டா வரமாட்டேங்கா!"