பரணில் இருக்கும் தாத்தாவின் துப்பாக்கி: வில்லியனூர், பாகூர் ஊர்ப்புறத்தில் ஒரு வலம்

புதுச்சேரி என்றால் பலருக்கும் கடற்கரைச் சாலையும் மஞ்சள் சுவர் வைத்த பிரெஞ்சு வீதிகளும்தான். விழுப்புரம் சாலையில் மேற்கே போய்ப் பாருங்கள், வில்லியனூர் வரும். கடலூர் சாலையில் தெற்கே போய் உள்ளே திரும்பினால் பாகூர். நெல், கரும்பு, ஏரி, கோயில் என்று இது வேறு புதுச்சேரி.

வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேரை அந்தக் காலத்தில் பிரெஞ்சு கவர்னர் வடம் பிடித்துத் தொடங்கிவைப்பார். இன்று துணைநிலை ஆளுநர் அதைச் செய்கிறார். பாகூரின் பெருமை இன்னும் பழையது. 9-ம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் இங்கிருந்த கல்விச்சாலைக்குக் கிராமங்களைத் தானம் கொடுத்ததை பாகூர் செப்பேடு சொல்கிறது.

துப்பாக்கி சத்தம் கேட்ட வயல்

அமைதியான இந்த ஊருக்கு துப்பாக்கி புதிதல்ல. 1752-ல் பாகூர் அருகே பிரெஞ்சுப் படையும் ஆங்கிலேயப் படையும் மோதின. ஆங்கிலேயருக்குத் தலைமை மேஜர் ஸ்டிரிங்கர் லாரன்ஸ். எதிரில் கவர்னர் டியூப்ளேயின் உறவினர் கெர்ஜான். விடியும் முன்பே தொடங்கிய சண்டை, கடைசியில் துப்பாக்கி முனையில் செருகிய கத்தியால் முடிவானது. கெர்ஜான் சிறைபிடிக்கப்பட்டார். இரண்டே ஆண்டுகளில், 1754-ல், டியூப்ளே பிரான்ஸுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார்.

அது படைகளின் காலம். இன்று இதே ஊர்களில் துப்பாக்கி பற்றிய பேச்சு வீட்டுக்குள் வந்துவிட்டது. வயல்வெளிகள் மனைப்பிரிவாகி, தள்ளித் தள்ளி வீடுகள் எழுகின்றன. பிள்ளைகள் சென்னையிலோ பிரான்ஸிலோ இருக்க, பெரியவர்கள் மட்டும் தனியாக இருக்கும் வீடுகளும் உண்டு. எங்கோ திருட்டு என்று செய்தி வந்தால், ‘பாதுகாப்புக்கு ஒரு துப்பாக்கி வாங்கி வைக்கலாமா?’ என்ற கேள்வி தானாக எழும். ‘தாத்தா வைத்திருந்தது பரணில் கிடக்கிறதே’ என்பது அதற்கு அடுத்த கேள்வி.

பரணில் இருப்பது சொத்து அல்ல

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் பார்த்துவிடலாம். நிலம்போல, நகைபோல துப்பாக்கி தானாக வாரிசுக்கு வராது. லைசென்ஸ் தாத்தாவின் பெயரில்தான் இருந்தது. அவர் இறந்ததும் தாமதிக்காமல் பக்கத்துப் போலீஸ் நிலையத்திலோ, லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ அதை ஒப்படைக்க வேண்டும் என்கிறது 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம். பிறகு வாரிசு தன் பெயரில் லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்கலாம். உரிமையாளர் உயிரோடு இருக்கும்போதே, அவருக்கு 70 வயது ஆகியிருந்தால் அல்லது 25 ஆண்டுகள் அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தால், வாரிசுக்கு மாற்றவும் 2016-ம் ஆண்டு விதிகள் வழி தருகின்றன.

‘யாருக்குத் தெரியப்போகிறது’ என்று விட்டுவிட்டால்? லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதற்கு 2 முதல் 5 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். பழுது பார்த்தாலும் சுட முடியாத, பழம்பொருளாகிவிட்ட துப்பாக்கிக்குச் சட்டம் விலக்கு தருகிறது. ஆனால், அது அப்படிப்பட்டதுதானா என்பதை நாமே முடிவு செய்துவிடக் கூடாது. போலீஸிடம் காட்டிக் கேட்பதே நல்லது.

சேகரிக்கும் ஆசை உள்ளவர்களுக்கும் எல்லை உண்டு. முன்பு ஒருவர் 3 துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம். 2019-ல் வந்த திருத்தம் அதை 2 ஆக்கியது. பரம்பரைத் துப்பாக்கியும் இந்தக் கணக்கில் சேரும். கர்நாடகத்தின் குடகில் மட்டும் கதை வேறு. அங்கே கொடவர்களுக்கு லைசென்ஸிலிருந்தே விலக்கு உண்டு. கைல்போது திருநாளில் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடுவார்கள். நம் பக்கம் அப்படி ஒரு விலக்கு கிடையாது.

வாங்குவதென்றால் எது?

21 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும், போலீஸ் விசாரித்து அறிக்கை தரும், மாவட்ட நிர்வாகம் முடிவெடுக்கும். துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியும் தேவை.

வீட்டுப் பாதுகாப்புக்கு என்று கேட்பவர்கள் முன்னால் இருப்பவை பெரும்பாலும் இரண்டு. ஒன்று, 12 போர் துப்பாக்கி. அந்தக் குழல் அளவுக்கு 12 ஈயக் குண்டுகள் வார்த்தால் ஒரு பவுண்டு எடை வரும் என்பதால் அந்தப் பெயர். ஒரு தோட்டாவில் பல ரவைகள் இருக்கும். 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட இந்த வகையைப் பாதுகாப்புக்கு என்றே சட்டம் குறிப்பிடுகிறது. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் 12 போர் துப்பாக்கி தயாரித்திருக்கிறது. நீளமானது, கனமானது. குறுகலான நடையில், இருட்டில், 65 வயதுக்காரர் அதைத் தூக்கித் திருப்புவது லேசான வேலை அல்ல.

இன்னொன்று .32 ரிவால்வர். கைக்கு அடக்கம்தான், ஆனால் பயிற்சி இல்லாத கைக்குக் குறி தவறும். தவறிய குண்டு ஓட்டு வீட்டையும் தகரத் தடுப்பையும் துளைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கே போகலாம். 9 எம்.எம். பிஸ்டல், .303 ரைஃபிள் போன்றவை தடை செய்யப்பட்ட வகைகள்.

எதை வாங்கினாலும் தோட்டா நிரப்பாமல், பூட்டிய பீரோவில்தான் வைக்க வேண்டும். தோட்டாக்களைத் தனியே பூட்டுவதும், சாவி குழந்தைகள் கைக்கு எட்டாமல் இருப்பதும் அவசியம். இங்கேதான் சிக்கலே. பூட்டி வைத்தால் நள்ளிரவில் உடனே கைக்கு வராது. தலையணைக்கு அடியில் வைத்தால், திருடனைவிட முதலில் அதைத் தொடப்போவது லீவுக்கு வந்த பேரப்பிள்ளைதான்.

எல்லை தாண்டினால்

இந்த ஊர்களுக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. புதுச்சேரி ஒரே துண்டாக இல்லை, தமிழ்நாட்டு ஊர்களோடு பின்னிக் கிடக்கிறது. ஒரே சாலையில் கொஞ்ச தூரம் போனால் தமிழ்நாடு, இன்னும் கொஞ்சம் போனால் மறுபடி புதுச்சேரி. துப்பாக்கி லைசென்ஸோ அதில் எழுதிய எல்லைக்குள்தான் செல்லும். இது தெரியாமல் காரில் வைத்துக்கொண்டு கிளம்பினால், வரப்பைத் தாண்டியதுமே வழக்குதான்.

ஏரிக்கரைக்குக் கொண்டுபோய்ப் பறவை சுடவும் வழியில்லை. வில்லியனூர் பக்கத்து ஊசுட்டேரியின் புதுச்சேரிப் பகுதி 2008 முதல் சரணாலயம். பாகூர் ஏரியிலும் வனவிலங்குச் சட்டப்படி வேட்டை குற்றமே. தேர்தல் வந்தால் துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும். திருவிழாவில் ஆர்வக் கோளாறில் மேலே பார்த்துச் சுட்டாலும் 2 ஆண்டு சிறை வரை போகலாம்.

சட்டம் தரும் உரிமை

தற்காப்புக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, உயிரையும் வீட்டையும் காத்துக்கொள்ளும் உரிமையை ஏற்கிறது. சூரியன் மறைந்தபின் வீடு உடைத்து நுழைபவரிடம் அந்த உரிமை இன்னும் விரிவானது. ஆனாலும் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. வீட்டைவிட்டு வெளியேறி ஓடுகிறவரின் முதுகில் சுட்டால், நாளை கோர்ட்டில் நிற்கப்போவது வீட்டுக்காரர்தான்.

அதனால் துப்பாக்கி பற்றி யோசிக்கும் முன் செய்ய வேண்டியவை சில உண்டு. பின்கட்டுக் கதவுக்கு நல்ல தாழ்ப்பாள், கொல்லையில் ஒரு விளக்கு, குரைக்கிற நாய். ஊருக்குப் போகும்போது போலீஸ் நிலையத்தில் தகவல் சொல்லிவிட்டுப் போவது. செல்போனில் 112. எல்லாவற்றுக்கும் மேல், கூப்பிட்டால் ஓடிவருகிற பக்கத்து வீடு. இத்தனைக்கும் பிறகும் பயம் தீரவில்லை என்றால் கலெக்டர் ஆபீஸுக்குப் போகலாம்.

ஆனால், பரணில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் யோசிக்க நேரமில்லை. அதை எடுத்துக்கொண்டு நீங்களாகக் கிளம்ப வேண்டாம். முதலில் பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்குப் போன் செய்து விவரம் சொல்லுங்கள்.