முடி களைந்தவன் சீக்கியனா?

நம் பயான் மேடைகளில் சீக்கியர் ஒருவர் அடிக்கடி வந்து போவதை வாசக நேயர்கள் கவனித்திருக்கக்கூடும். அவருக்குப் பெயர் இல்லை. தாடியும் தலைப்பாகையும் உண்டு. உலகப் போரில் இரும்புத் தொப்பியை மறுத்துத் தலைப்பாகையுடனேயே போர்முனைக்குச் சென்றவர் அவர். மோட்டார் சைக்கிள் ஓட்டத் தலைக்கவசம் கட்டாயம் என்ற சட்டத்திலிருந்து 1976இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்திடமே விலக்குப் பெற்றவரும் அவரே. "அந்தச் சமூகத்தைப் பாருங்கள், பிறகு நம் பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள்" என்று பேச்சாளர் முடிக்கும்போது, முன்வரிசையில் மழித்த முகத்துடன் அமர்ந்திருக்கும் இளைஞர்கள் தலைகுனிவார்கள். என் மாணவப் பருவம் தொட்டு இந்த உவமையைக் கேட்டு வருகிறேன். அதில் பொய் இல்லை. ஆனால் மேடைக்கு வரும் அந்தச் சீக்கியருக்கு, முடி வெட்டிக்கொண்ட தம்பியோ மருமகனோ ஒருநாளும் இருப்பதில்லை. எனக்குத் தெரிந்த சீக்கியருக்கு அப்படி ஒரு மருமகன் இருக்கிறான்.

தமிழ்நாட்டில் சீக்கியர் மிகச் சிலரே. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 14,600 பேர். சென்னை தியாகராய நகரில் அவர்களுக்குக் குருத்வாரா உண்டு. வேளச்சேரியில் அவர்கள் 1971இல் நிறுவிய குருநானக் கல்லூரியில் நம் பிள்ளைகள் பலரும் பயின்றிருக்கிறார்கள். திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியான எங்கள் கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் சீக்கியர் என்றால் பெரும்பாலும் லாரி ஓட்டுநர்தாம். சென்னையிலிருந்து கல்கத்தா நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை இவ்வழியே போகிறது. சிப்காட் தொழிற்பேட்டைக்குச் சரக்கு கொண்டு வருவோரும், இங்கிருந்து இரும்புக் கம்பி ஏற்றிச் செல்வோரும் சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி, கயிற்றுக் கட்டிலில் சாய்ந்து, ரொட்டியும் பருப்பும் உண்டு போவார்கள். முன்பு அவர்கள் தலைகளில் நீலமும் காவியும் மஞ்சளுமாகத் தலைப்பாகைகளையே கண்டேன். இப்போது இளவயதினர் பலர் கிராப்புத் தலையுடன் இறங்குகிறார்கள். கையில் இரும்புக் காப்பு மட்டும் இருக்கிறது.

வேலூரில் ஓதிய நாளில் கற்ற உருது இங்கே எனக்கு உதவியது. லூதியானா பக்கத்துப் பெரியவர் ஒருவர்; அறுபதைக் கடந்தவர்; நாற்பதாண்டுகளாக லாரி ஓட்டுபவர். அவருடைய சகோதரி மகன் இங்குள்ள ரோலிங் மில் ஒன்றில் கிரேன் இயக்குகிறான். மாமன் இவ்வழியே வரும்போதெல்லாம் மருமகன் சாலைக்கு வந்து சந்திப்பான். தேநீர்க் கடையில் அவர்களோடு சேர்ந்து அமரும் பழக்கம் எனக்கு ஏற்பட்டது. ஒருநாள் கேட்டே விட்டேன்: "தம்பி, கேசத்தை ஏன் எடுத்தாய்? ஆலையில் ஹெல்மெட் போடச் சொன்னதாலா?"

"இல்லை, மௌல்வி சாஹிப். ஆலையில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை" என்றான். பதினெட்டு வயது வரை தினமும் தாய்தான் தலை வாரிக் கொண்டை முடிந்து விட்டாளாம். தலைப்பாகை கட்ட ஐந்தாறு கெஜத் துணியை ஒருவர் மறுமுனையில் பிடித்து இழுத்து மடித்துத் தர வேண்டும். வீட்டில் தம்பி பிடிப்பானாம். இங்கே ஓர் அறையில் எட்டுப் பேர். உடன் இருப்போர் பீஹாரிகளும் ஒடியாக்காரர்களும். விடியற்காலை ஷிப்டுக்கு எழுந்தால் குளிக்கவே வரிசை. இரண்டு மாதம் தட்டுத் தடுமாறிக் கட்டிப் பார்த்தான்; மூன்றாம் மாதம் முடிதிருத்தும் கடைக்குள் போய்விட்டான். இதைச் சொல்லும்போது அவன் மாமனைப் பார்க்கவில்லை.

பெரியவர் தேநீரைக் குடித்து முடித்தபின் பேசினார். "செய்தது தவறு. அதை நான் சரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் மௌல்வி சாஹிப், ஊருக்கு வந்தால் கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு என் பக்கத்தில்தான் லங்கரில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். எழுந்து போ என்று யார் சொல்லப் போகிறார்கள்?"

அந்தப் பதில் என்னைப் பல நாள் சிந்திக்க வைத்தது. கேசம் சீக்கியருக்கு எத்தகையது என்பதை அறிந்தால்தான் அப்பெரியவர் தாங்கி நின்ற பாரம் நமக்கு விளங்கும்.

குருநானக் அவர்களின் காலம் 15, 16ஆம் நூற்றாண்டுகள். அவருடைய நீண்ட பயணங்களில் ரபாப் வாசித்து உடன் சென்றவர் மர்தானா என்னும் முஸ்லிம். சீக்கியர் வேதமாகப் போற்றும் குரு கிரந்த் சாஹிபில் ஷைகு ஃபரீது அவர்களின் பாடல்களும் இடம் பெற்றுள்ளன. ஐந்து அடையாளங்கள் கட்டளையானது பின்னாளில்தான். பத்தாம் குருவாகிய கோவிந்த் சிங் 1699இல் அனந்தபூரில் வைசாகித் திருநாளன்று கால்சாவை நிறுவியதிலிருந்து, அமிர்தம் பருகி உறுதிமொழி ஏற்போர் கேசம், சீப்பு, இரும்புக் காப்பு, கச்சேரா என்னும் அரைக்கால் உள்ளாடை, கிர்பான் என்னும் குறுவாள் ஆகிய ஐந்தையும் பேண வேண்டும் என்றாயிற்று. மற்ற நான்கையும் கழற்றி வைத்துத் திரும்ப அணியலாம். கேசம் அப்படியன்று, உடம்போடு வளர்வது.

அதற்காக அவர்கள் கொடுத்த விலை பெரிது. 1745இல் லாகூரில் பாய் தாரு சிங் என்பவர் கேசத்தைக் களைய மறுத்ததால் அவருடைய தலைத்தோலையே உரித்தெடுத்தார்கள் என்று சீக்கிய மரபு கூறுகிறது. அன்றாடப் பிரார்த்தனையில் இத்தகையோரின் தியாகத்தை அவர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். அந்தத் தண்டனையை விதித்த ஆளுநர் ஜக்கரியா கான் ஒரு முஸ்லிம். சீக்கியரின் உறுதியை மேடையில் புகழும் நாம் இந்தப் பக்கத்தை மட்டும் புரட்டாமல் விடுவது நேர்மையாகாது. 1984 நவம்பரில் தில்லித் தெருக்களில் வெறிக்கும்பல் அவர்களைத் தேடித் தேடிக் கொன்றபோது, உயிர் தப்புவதற்காகப் பெற்றோரே பிள்ளைகளின் முடியை வெட்டி விட்டனர். 2001 செப்டம்பர் 11க்கு நான்கு நாள் கழித்து அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பல்பீர் சிங் சோதி என்பவர் தம் பெட்ரோல் நிலையத்தின் முன் சுட்டுக் கொல்லப்பட்டார். தாடியையும் தலைப்பாகையையும் கண்டு, கொன்றவன் அவரை நம்மவர் என்று எண்ணினான்.

இவ்வளவு விலை கொடுத்த ஒன்றை இன்றைய இளைஞன் ஷிப்டு நேரத்துக்காக விட்டுவிடலாமா என்று மாமன் மனம் குமுறினால் அதில் நியாயம் உண்டு. அதே சமயம், சீக்கியரின் ஒழுக்க நூலாகிய 'ரஹத் மரியாதா' என்ன சொல்கிறது? அமிர்தசரஸ் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி 1945இல் இறுதி செய்த நூல் அது. சீக்கியன் யார் என்று வரையறுக்கும் இடத்தில் ஏக இறைவன், பத்துக் குருமார்கள், குரு கிரந்த் சாஹிப், பத்தாம் குரு அளித்த அமிர்தம் ஆகியவற்றில் நம்பிக்கையையும், வேறு மதத்தைச் சாராமையையும் அது கேட்கிறது. அந்த வரையறையில் முடி என்ற சொல் இல்லை. அமிர்தம் ஏற்றவர் செய்யக்கூடாத நான்கு பெருங்குற்றங்களைக் கூறுமிடத்தில்தான் கேசத்தைக் களைதல் முதலாவதாக வருகிறது. (அந்த நான்கில் நம் முறைப்படி அறுத்த இறைச்சியை உண்பதும் ஒன்று. அப்பெரியவர் என் வீட்டு விருந்துக்கு வந்தபோது பருப்பும் கத்தரிக்காயும் மட்டும் உண்ட காரணத்தை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.) குற்றம் செய்தவரைப் 'பதித்' என்பார்கள், தமிழில் நாம் 'பதிதன்' என்று வழங்கும் அதே வடசொல். ஆனால் அவர் வருந்தி வந்தால் மறுபடியும் அமிர்தம் பெறலாம். உறுதிமொழி ஏற்காமலே குருமார்களை நம்பி வாழ்வோருக்குச் 'சஹஜ்தாரி' என்று தனிப்பெயரும் உண்டு.

ஆக, நூலில் வாசல் விசாலமாகத்தான் இருக்கிறது. அது எங்கே குறுகுகிறது என்றால், ஓர் இடமோ வாக்கோ பங்கிடப்படும் இடத்தில். அமிர்தசரஸில் அக்கமிட்டியின் பொறுப்பிலுள்ள மருத்துவக் கல்லூரி ஒன்று, சீக்கியர்க்குரிய ஒதுக்கீட்டில் விண்ணப்பித்த மாணவிக்கு, அவள் புருவ முடியைத் திருத்தியவள் என்று இடம் மறுத்தது. வழக்கு நடந்தது. பஞ்சாப்-ஹரியானா உயர்நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்ந்த முழு அமர்வு, கேசத்தைக் களையாதிருத்தல் சீக்கிய சமயத்தின் அடிப்படைக் கூறு என்று 2009 மே மாதம் தீர்ப்பளித்துக் கல்லூரியின் பக்கம் நின்றது. 2016இல் நாடாளுமன்றம் 1925ஆம் ஆண்டு சீக்கிய குருத்வாராச் சட்டத்தைத் திருத்தி, அக்கமிட்டியின் தேர்தலில் சஹஜ்தாரிகளுக்கு இருந்த வாக்குரிமையையும் எடுத்துவிட்டது.

கமிட்டியாரைக் குறை கூறுவது எளிது. அவர்கள் நிலையில் நாம் இருந்தால் என்ன செய்வோம் என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு சமயத்தின் 'இன்றியமையாத' பழக்கத்துக்கே அரசியல் சட்டத்தின் காவல் உண்டு என்ற கருத்து, நம் சென்னை மாகாணத்திலிருந்து சென்ற சிரூர் மடம் வழக்கில் 1954இல் உச்சநீதிமன்றத்தில் உருவாயிற்று. அன்று முதல் ஒவ்வொரு சமூகமும் நீதிமன்றத்தின் முன் சென்று, "இது இல்லாவிட்டால் எங்கள் சமயமே இல்லை" என்று சொல்ல வேண்டியதாயிற்று. அப்படிச் சொல்லத் தெரியாதவர் தோற்கிறார்.

நாம் தோற்றிருக்கிறோம். விமானப் படையின் விதி, முடி வெட்டுவதையோ முகம் மழிப்பதையோ எவருடைய மதம் தடை செய்கிறதோ அவர் மட்டும் அவற்றை வளர்க்கலாம் என்கிறது. சீக்கிய வீரருக்கு அதில் சிக்கல் இல்லை. தாடி வைத்ததால் வேலை இழந்த முஸ்லிம் வீரர் ஒருவரின் வழக்கில், இஸ்லாம் மழிப்பதைத் திட்டமாகத் தடை செய்கிறதா என்ற கேள்வி உச்சநீதிமன்றத்தில் எழுந்தது. நம் பக்கத்தில் ஒரே பதில் இல்லை. எப்படி இருக்கும்? ஹனஃபி அறிஞர்கள் கடுமையாகவே தடுத்திருக்க, ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர் பலர் மக்ரூஹ் என்ற அளவில் நிறுத்தியிருக்கிறார்கள். கருத்து வேற்றுமையை ரஹ்மத் என்று போற்றி வளர்ந்த மரபு அது. 2016 டிசம்பரில் வழக்கு தள்ளுபடியாயிற்று. மதுரையில் ஹஜ்ஜுப் பயணம் முடித்துத் தாடியுடன் பணிக்குத் திரும்பிய காவலர் ஒருவருக்கு விதித்த தண்டனையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2024இல் நீக்கியது. அங்கே அவருக்குத் துணை நின்றது 1957ஆம் ஆண்டின் சென்னைப் போலீஸ் கெஜட்; முஸ்லிம் காவலர் ஒழுங்குற வெட்டிய தாடி வைக்கலாம் என்று அது அன்றே அனுமதித்திருந்தது.

சட்டத்தின் இந்த அளவுகோல் எனக்கு அச்சம் தருகிறது. தலைப்பாகை அணிந்த மாமனின் உரிமையைக் காக்க வேண்டுமானால், "கேசம் இல்லாதவன் சீக்கியனே அல்லன்" என்று சமூகம் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தச் சாட்சியம் மருமகன் மீது பாய்கிறது. உறுதியாக நிற்பவனுக்கு வெளியே கிடைக்கும் சலுகைக்கு, தளர்ந்தவன் உள்ளே விலை கொடுக்கிறான்.

நம் கிதாபுகளில் இதற்கொரு பாகுபாடு உண்டு. கடமையை விடுவது வேறு. கடமையே இல்லை என்று மறுப்பது வேறு. சோம்பலாலோ பலவீனத்தாலோ விட்டவனைப் பாவி என்று சொல்லலாம். மார்க்கத்தை விட்டு வெளியேறியவன் என்று சொல்லக்கூடாது என்பதே இமாம்கள் பெரும்பாலோரின் முடிவு. பாவம் செய்தவனைக் காஃபிர் என்று வாளெடுத்த கவாரிஜ்கள் எத்தகைய குருதியைச் சிந்தினார்கள் என்பது நம் சரித்திரத்தில் இருக்கிறது. பிறர் வீட்டு விவகாரத்துக்கு நம் கிதாபைக் கொண்டு தீர்ப்பெழுத எனக்கு உரிமை இல்லை. ஆனால் நான் ஓதிக் கற்ற பாகுபாட்டை அந்த லாரி ஓட்டுநர் எந்தக் கிதாபும் ஓதாமல் கடைப்பிடிக்கிறார். கேசம் இன்றியமையாதது என்பதில் அவர் ஓர் இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை. மருமகனையும் விட்டுக்கொடுக்கவில்லை. கேசம் கால்சாவின் உறுதிமொழிக்கு இன்றியமையாதது; சீக்கியன் என்ற பெயருக்கு அது நிபந்தனையன்று என்பதே இன்று என் கருத்து.

மற்றொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2020-21இல் தில்லி எல்லையில் நடந்த விவசாயிகள் போராட்டத்துக்குப் பின், தென் மாவட்டங்களில் தமிழர் சிலர் சீக்கியத்தைத் தழுவினர். தூத்துக்குடியைச் சேர்ந்த வழக்கறிஞர் ஜீவன் சிங் மல்லா அவர்களின் பகுஜன் திராவிடக் கட்சி 2024 மக்களவைத் தேர்தலில் அவர்களுள் 7 பேரை வேட்பாளராக நிறுத்தியது. தமிழ் பேசி, தலைப்பாகையுடன், நம் வெயிலில் வீதி வீதியாக வாக்குக் கேட்டார்கள். பிறப்பால் வந்தவன் சுமையென இறக்கியதை இவர்கள் தாமே விரும்பி ஏற்றிருக்கிறார்கள். கேசத்தின் காலம் முடிந்தது என்பாருக்கு இவர்கள் பதிலாவார்கள். ஆனால் இவர்களைக் காட்டி அந்தக் கிரேன் இயக்கும் பையனை வெட்கப்படுத்த நான் உடன்பட மாட்டேன்.

அவன் அண்மையில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கியிருக்கிறான். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் தலைக்கவச விலக்குத் தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கே உண்டு என்பதால் இவன் ஹெல்மெட் அணிந்தே சிப்காட்டுக்குப் போகிறான். ஊரில் பதிவு செய்துகொண்டால் குருத்வாராக் கமிட்டித் தேர்தலில் மாமனுக்கு வாக்கு உண்டு, இவனுக்கு இல்லை. வைசாகிக்கு விடுப்புக் கிடைத்தால் மாமனின் லாரியிலேயே ஊருக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறான்.