உடன் வருபவர்

கடல் கடந்து பொருள் தேடுவது காவிரிக் கரை முஸ்லிம்களுக்குப் புதிதன்று. சபர் என்னும் அரபுச் சொல்லை எடுத்துச் சபுராளி என்றொரு தமிழ்ச் சொல்லையே ஆக்கிக் கொண்ட சமுதாயம் நம்முடையது. கூத்தாநல்லூருக்குச் சின்னச் சிங்கப்பூர் என்ற பெயர் வழங்கக் காரணம், அவ்வூரார் கடல் கடந்து ஈட்டிய பொருளே. சிங்கப்பூரில் 1828க்கும் 1830க்கும் இடையில் நாகூர் தர்காவின் பெயரால் ஒரு கட்டடத்தை எழுப்பியவர்களும் நம்மவர்களே.

நம் பாட்டனார் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்குச் சென்றவர். மூன்றாண்டுக்கு ஒருமுறை வருவார். சில மாதங்கள் இருப்பார். மீண்டும் கப்பலேறுவார். அக்காலத்துச் சபர் பெரும்பாலும் ஆடவரின் சபராகவே இருந்தது. மனைவியும் மக்களும் ஊரில் இருந்தனர். 1953ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டத்திற்குப் பின், மலாயாவிலும் சிங்கப்பூரிலும் புதிதாக நுழைவதே கடினமாயிற்று. அந்தப் பிரிவின் துயரை நம் பாட்டியாரின் முகத்தில் கண்டிருக்கிறோம். ஆயினும் ஒன்றில் ஐயமில்லாதிருந்தது. பிள்ளை எந்த ஊரில் வளர்வான், எந்த மொழியில் எழுதக் கற்பான் என்பதை எவரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இன்று நிலை வேறு. மனைவி மக்களை அழைத்துச் செல்லச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அந்த இடத்தை வருமானத்தாலும் வயதாலும் அளந்தே தருகிறது. வருமானத்தை நாம் கணக்கிடுகிறோம். பிள்ளையின் வயதைக் கணக்கிட மறந்து விடுகிறோம். இதைப் பிறருக்கு உபதேசமாகச் சொல்ல வரவில்லை. நம் வீட்டில் நேர்ந்ததையே சொல்ல வந்தோம்.

நம் இளவல் தம்மாமில் கணக்கராகப் பணியாற்றினார். 2011ஆம் ஆண்டில் குடும்ப விசா கிடைக்கும் நிலை வந்தபோது, ஊருக்கு வந்து நம்மிடம் யோசனை கேட்டார். அப்போது அவர் மகனுக்கு வயது 8, மகளுக்கு 4. “கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்வதை விடச் சிறந்தது எது? தயங்காமல் அழைத்துப் போ” என்றோம். சொன்னதில் பிழையில்லை. ஆனால் அதற்கு மேல் ஒரு கேள்வியும் நாம் கேட்கவில்லை. எத்தனை ஆண்டு, எந்த வகுப்பு வரை, திரும்ப நேர்ந்தால் பிள்ளைகள் எந்த வயதில் திரும்புவர் என்பவற்றை அவரும் எண்ணவில்லை. மூத்தவர் என்ற முறையில் நாமும் எண்ணவில்லை.

2017ஆம் ஆண்டு ஜூலையில் சவூதி அரசு, வெளிநாட்டுப் பணியாளருடன் வாழும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதித்தது. ஆண்டுதோறும் ஜூலையில் அது நூறு நூறாக உயர்ந்து 2020இல் 400 ரியால் ஆகும் என்றும் முன்னரே அறிவித்து விட்டது. மூவருக்கு முதலாண்டில் 3,600 ரியால். இரண்டாம் ஆண்டில் 7,200. நான்காம் ஆண்டில் 14,400. கணக்கரான இளவலுக்கு இக்கணக்கைப் போட வெகுநேரம் ஆகவில்லை. அவரைப் போன்ற நடுத்தர வருவாயினர் பலரின் குடும்பங்கள் அவ்வாண்டுகளில் ஊர் திரும்பின. 2018 கோடையில் நம் இளவலின் மனைவியும் மக்களும் பாபநாசம் வட்டத்திலுள்ள நம் ஊருக்கு வந்து சேர்ந்தனர். மகன் அங்கே பத்தாம் வகுப்பை முடித்திருந்தான். வயது 15.

நன்றாகப் படிக்கும் பிள்ளை. ஆங்கிலம் தடையின்றி வரும். வீட்டில் பேசும் தமிழும் உண்டு. ஆனால் பேருந்தின் முகப்பில் எழுதியிருப்பது கும்பகோணமா தஞ்சாவூரா என்று அவனுக்கு வாசிக்கத் தெரியவில்லை. வகுப்பில் ஆசிரியர் பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் விளக்கியது பிடிபடவில்லை. உடன் பயிலும் பிள்ளைகள் அவனுக்குச் ‘சவூதி’ என்றே பெயரிட்டனர். மஃரிபுக்குப் பின் அவனை உட்கார வைத்து அரிச்சுவடி தொடங்கினோம். ஒருநாள் பொறுமையிழந்து, “தஞ்சை மண்ணில் பிறந்தவனுக்குத் தமிழ் படிக்க வராதா?” என்று கடிந்து கொண்டோம். அவன் தலை கவிழ்ந்திருந்தான். சற்று நேரம் கழித்துச் சொன்னான்:

“பெரியத்தா, அங்கே கூட்டிக் கொண்டு போனபோதும் என்னை யாரும் கேட்கவில்லை. இங்கே அனுப்பியபோதும் கேட்கவில்லை.”

அதில் சினம் இல்லை. முறையீடும் இல்லை. நடந்ததைச் சொன்னான், அவ்வளவே. நம்மிடம் மறுமொழி இருக்கவில்லை. அன்று பாடம் அத்துடன் நின்றது.

அரபு கற்ற நமக்கு அன்றிரவு சில சொற்கள் புதிதாகப் பொருள் தந்தன. விசா உலகில் வழங்கும் சொற்களிற் பல நாம் மதரஸாவில் ஓதியவையே. கஃபீல் என்பவர் பிறருக்காகப் பொறுப்பேற்பவர். ஃபிக்ஹு நூல்களில் பிணையாளியைக் குறிக்கும் சொல் அது. இகாமா என்பது ஓரிடத்தில் நிலைகொள்ளுதல். பணியாளரைச் சார்ந்து வாழும் மனைவி மக்களை அந்நாட்டார் முராஃபிக் என்பர். உடன் வருபவர் என்பது அதன் பொருள். அதன் வேரிலிருந்து பிறந்த மற்றொரு சொல் ரிஃப்க், அதாவது மென்மை. உடன் வருபவரிடம் மென்மை காட்ட வேண்டும் என்பதைச் சொல்லின் வேரே நமக்குச் சொல்லித் தருகிறது போலும்!

மற்றொன்றும் நினைவுக்கு வந்தது. பருவமெய்தியதற்கு வேறு அடையாளம் தோன்றாவிடில், 15 வயது நிறைந்தவனைப் பாலிஃகாகக் கொள்ள வேண்டும் என்பது சட்ட மேதைகளிற் பெரும்பாலோர் கருத்து. தொழுகைக்கும் நோன்புக்கும் அவன் தானே பொறுப்பாளி. விசாச் சட்டங்களோ 18 என்றும் 21 என்றும் 25 என்றும் வேறு எல்லைகளை வைத்துள்ளன. இரண்டிற்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், இறைவனுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவனாகிய பிள்ளை, தான் எந்த ஊரில் வாழ்வது என்பதில் மட்டும் பிறரைச் சார்ந்தவனாகவே இருக்கிறான். மனுத்தாளில் அவனுடைய பெயருக்கும் பிறந்த நாளுக்கும் கட்டம் உண்டு. அவனுடைய விருப்பத்திற்குக் கட்டம் இல்லை. அந்தக் கட்டத்தை வீட்டார்தாம் வரைந்து கொள்ள வேண்டும். இப்ராஹீம் நபி (அலை) அவர்கள், தாம் கண்ட கனவை மகனிடம் எடுத்துரைத்து அவருடைய கருத்தைக் கேட்டார்கள் என்று திருமறை கூறுகிறது. அத்தகைய பெருஞ்சோதனையிலேயே மகனைக் கேட்டார்கள் எனில், ஊர்விட்டு ஊர் போவதற்கு நாம் கேட்கலாகாதா?

சென்ற ஆண்டு அஸருக்குப் பின் நம் பழைய மாணவர் ஒருவர் வந்தார். சிங்கப்பூரில் பொறியாளர். குடும்பத்தை அழைத்துக் கொள்ளும் அளவுக்கு ஊதியம் உயர்ந்திருந்தது. அங்கே சார்ந்தோர் அனுமதி பெற மாத ஊதியம் குறைந்தது 6,000 வெள்ளி இருக்க வேண்டும். மகனுக்கு வயது 16, மகளுக்கு 12. “துஆச் செய்யுங்கள் ஹஜரத்” என்றார். செய்தோம். பின்னர் இம்முறை வயதைக் கேட்டோம்.

அவருடன் அமர்ந்து ஒவ்வொன்றாக எண்ணினோம். அந்த அனுமதி 21 வயதுக்குட்பட்ட, மணமாகாத பிள்ளைகளுக்கே உரியது. மகனுக்கு இன்னும் ஐந்தாண்டு உண்டு. மகளுக்கு ஒன்பது. 2021 மே மாதம் முதல், சார்ந்தோர் அனுமதியில் இருப்பவர் வேலை செய்ய விரும்பினால் தமக்கென வேலை அனுமதி பெற்றாக வேண்டும். அரசுப் பள்ளியில் சேர வெளிநாட்டுப் பிள்ளைகள் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். உயர்நிலைப் பிரிவில் முதல் மூன்று வகுப்புகளுக்கே அத்தேர்வு வழியாக இடமுண்டு. மகளுக்கு அக்கதவு திறந்திருக்கிறது. மகனுக்கு ஏறத்தாழ அடைபட்டு விட்டது. பின்னாளில் பெற்றோர் நிரந்தரவாசிகளாகி, மகனையும் அவ்வாறே பதிந்தால், அவனுக்கு ஈராண்டுத் தேசிய சேவைக் கடமையும் உண்டு.

நாட்டுக்கு நாடு எல்லை மாறும். ஐக்கிய அரபு அமீரகத்தில் மகன் 18 வயது வரையே தந்தையின் பொறுப்பில் இருக்கலாம் என்றிருந்த விதி, 2022 அக்டோபரில் 25 வயது வரை என நீட்டப்பட்டது. மணமாகாத மகளுக்கு அங்கே வயது எல்லை இல்லை. அமெரிக்காவில் 21 நிறைந்ததும் பிள்ளையின் சார்பு விசா முடிந்து விடும். பிரிட்டன் 2024 மார்ச் 11 முதல் பராமரிப்புப் பணிக்குப் புதிதாகச் செல்வோர் குடும்பத்தை அழைத்து வருவதையே நிறுத்தி விட்டது. நேற்று இருந்த விதி நாளை இராமற் போகலாம். பிள்ளையின் பிறந்த நாளோ எந்த அரசாணைக்கும் காத்திராது.

நம் பக்கத்து உழவர் இதை அறிவர். குறுவை நாற்றைப் பதினெட்டு முதல் இருபத்திரண்டு நாளுக்குள் பறித்து நட வேண்டும். தண்ணீர் வரவில்லையே என்று நாற்றங்காலில் முற்ற விட்டால், நட்ட பின் பயிர் சாவதில்லை. ஆனால் தூர் கட்டாது.

“மகன் என்ன சொல்கிறான்?” என்று கேட்டோம். மாணவர் சற்றே விழித்தார். “கேட்கவில்லை ஹஜரத்” என்றார். அடுத்த ஜும்ஆவுக்குப் பின் மகனையும் அழைத்து வந்தார். பிள்ளை ஒன்றே ஒன்று கேட்டான்: “அங்கே போனால் நான் எந்த வகுப்பில் உட்காருவேன்?” தந்தையிடமும் விடையில்லை, நம்மிடமும் இல்லை. விசாரித்து வந்த பிறகே பேச்சு மேலே நகர்ந்தது.

முடிவு எளிதாக வந்துவிடவில்லை. மகனின் பன்னிரண்டாம் வகுப்பு முடியும் வரை அனைவரும் காத்திருந்தால், மகளின் வயது ஏறிவிடும். மகளை நினைத்து இப்போதே போனால், தாய் மகனைப் பிரிய வேண்டும். எப்பக்கம் திரும்பினும் ஒரு குறை இருந்தது. இறுதியில், “நான் பாட்டியோடு இருந்து முடித்து விடுகிறேன். தங்கச்சி போகட்டும்” என்று மகனே சொன்னான். தாய் அழுதார். ஆனாலும் அவன் கேட்கப்பட்டான், அவனே சொன்னான். இப்போது ஞாயிறு மாலைகளில் நம்மிடம் வருகிறான். தாயை எண்ணி ஏங்குகிறானா என்று கேட்டால், ஆம் என்று மறைக்காமல் சொல்கிறான்.

சபருக்கு ஆயத்தமாகும் பெற்றோர் முதலில் ஒரு தாளில் பிள்ளைகளின் பிறந்த நாளை எழுதுங்கள். பக்கத்தில் பள்ளி வகுப்பையும், போகும் நாட்டின் வயது எல்லையையும், ஒருவேளை திரும்ப நேர்ந்தால் எந்த வகுப்பில் சேரலாம் என்பதையும் எழுதுங்கள். கடவுச்சீட்டிலும் பிறப்புச் சான்றிலும் ஒரே பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். முகம்மது ஓரிடத்திலும் முஹம்மத் ஓரிடத்திலும் இருப்பது நம் வீடுகளில் வழக்கம். பள்ளிவாசல் நிக்காஹ் பதிவேடு மட்டும் போதாது. 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி திருமணத்தை அரசிலும் பதிந்திருக்க வேண்டும். எங்கே போனாலும் பிள்ளைக்குத் தமிழ் எழுத்தை வீட்டிலேயே கற்றுக் கொடுங்கள். இவற்றையெல்லாம் செய்த பின், அந்தத் தாளைப் பிள்ளையின் முன்னால் வைத்துக் கேளுங்கள்.

நம் இளவலின் மகன் பட்டம் பெற்று விட்டான். செய்தித்தாளை மெல்ல மெல்லத் தமிழில் வாசிக்கிறான். இப்போது அவனே வளைகுடா வேலைக்கு மனுச் செய்திருக்கிறான். இம்முறை விண்ணப்பதாரர் என்ற கட்டத்தில் அவன் பெயர் இருக்கிறது.