சித்தாள் – 2

போன மாதம் உப்பளத்தில் எங்கள் அத்தை வீட்டுக் கூரையைப் பிரித்தார்கள். கல்வீட்டு மானியத்தின் முதல் தவணை வந்திருந்தது. இனி தளம் போட்ட வீடு என்ற சந்தோஷத்தில் பாதித் தெரு நின்று வேடிக்கை பார்த்தது. மேலே இரண்டு தம்பிகள். ஜே போல்ட்டெல்லாம் துருப்பிடித்துக் கழலவில்லை. அதனால் ஆஸ்பெட்டாஸ் ஷீட்டைச் சுத்தியலால் உடைத்துக் கீழே தள்ளினார்கள். கீழே சித்தாள் அக்கா ஒருவர் முந்தானையை வாயில் கட்டிக்கொண்டு, தென்னந்துடைப்பத்தால் வெள்ளைத் தூசியைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"தண்ணி தெளிச்சிட்டாவது பெருக்குங்க அக்கா" என்றேன். மேஸ்திரி சிரித்தார். "சிமெண்ட் தூசிதானேம்மா, குளிச்சா போயிடும்."

அது வெறும் சிமெண்ட் இல்லை. ஷீட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கல்நார். முழுசாக இருக்கும்வரை அது பெரும்பாலும் சும்மா கிடக்கும். உடைத்தால், அறுத்தால், துளை போட்டால், வருஷக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் அரித்தால், கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் கிளம்பும். மூச்சோடு உள்ளே போனது வெளியே வராது. நுரையீரல் இறுகும், புற்றுநோய் வரும். நோய் தெரிய 20 முதல் 40 வருஷம்கூட ஆகும். வெள்ளைக் கல்நார் உட்பட எல்லா வகையும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பே சொல்லிவிட்டது.

குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் பழைய பாய்லரிலும் குழாயிலும் இதே கல்நாரைச் சுற்றியிருந்தார்கள். அதை மாற்றும்போது பயிற்சி பெற்றவர்கள் அறையை பிளாஸ்டிக்கால் மூடி, நனைத்துப் பிரித்து, மூட்டை கட்டி எடுத்துப்போகிறார்கள். பிரான்ஸ் 1997 ஜனவரி 1 முதல் கல்நாரையே தடை செய்துவிட்டது. அதன் தூதரகம் எங்கள் தெருவிலிருந்து நடந்து போகிற தூரம்தான். அதே பிரான்ஸ், கல்நார் நிறைந்த தன் பழைய போர்க்கப்பல் கிளெமென்சோவை உடைப்பதற்கு குஜராத்தின் அலங்குக்கு அனுப்பியது. எதிர்ப்பு வலுத்த பிறகு, 2006 பிப்ரவரியில் அதிபர் சிராக் அதைத் திரும்ப அழைத்தார். கடைசியில் அது இங்கிலாந்தில் உடைக்கப்பட்டது. நம் சட்டமும் சளைத்ததில்லை. கல்நார்க் கழிவுத் தூசியை இறக்குமதி செய்யக்கூடாது, கல்நாரை இறக்குமதி செய்து ஷீட் போடலாம். அந்த ஷீட் ஒருநாள் கழிவாகும்போது யார் வீட்டு வாசலில் விழும் என்று கேட்பாரில்லை.

1995இல் உச்சநீதிமன்றம் ஒரு நல்ல தீர்ப்பு சொன்னது. கல்நார்த் தொழிலாளி ஒவ்வொருவருடைய உடல்நலப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து குறைந்தது 40 ஆண்டு, அல்லது வேலையை விட்ட பிறகு 15 ஆண்டு, இதில் எது பிந்தையதோ அதுவரை வைத்திருக்க வேண்டும். எம்.ஏ. வகுப்பில் அதைப் படித்துப் பரீட்சையும் எழுதினேன். அத்தை வீட்டு வாசலில் மேஸ்திரியின் பாக்கெட் நோட்டைப் பார்த்தேன். அதில் அன்றைய தேதிக்கு நேரே 'சித்தாள் – 2' என்று மட்டும் இருந்தது. பெயர் இல்லை.

சாக்கடைக்குள் இறங்கியவர் செத்தால் நாம் அன்றே சாலையில் உட்காருகிறோம். உடல் இருக்கிறது, ஒப்பந்தக்காரர் இருக்கிறார், இழப்பீடு கேட்கலாம். முப்பது வருஷம் கழித்து இருமிச் சாகிறவருக்கு இவற்றில் எது இருக்கிறது? 'பீடி பிடிச்சிருப்பாரு' என்று எழுதி முடித்துவிடுவார்கள். இரண்டு வேலைக்கும் போகிறவர்கள் பெரும்பாலும் நம் சனம்தான்.

நானும் யோக்கியமில்லை. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்தபோது தெரு முழுக்க ஷீட் துண்டு. சின்னப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு வெறும் கையால் பொறுக்கினோம். கொஞ்சம் வாய்க்கால் ஓரப் பள்ளத்தை நிரப்பியது, கொஞ்சம் கோழிக்கூண்டுக்குக் கூரையானது. சேவை என்று பெருமைப்பட்டேன்.

அத்தை வீட்டில் மிச்சமிருந்த ஷீட்டுகளையாவது ஒழுங்காகச் செய்தோம். ஹோஸ் வைத்து நனைத்தோம். போல்ட்டை ஆக்சா பிளேடால் அறுத்து முழுசாக இறக்கினோம். கெட்டியான பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்று கட்டினோம். தூசியை ஈரத்துணியால் துடைத்து, துணியையும் அதே கட்டில் போட்டோம். துணி கட்டுவதும் சாதாரண முகக்கவசமும் இந்த நாரைத் தடுக்காது. என்-95கூட இதற்குப் போதாது. பி-100 வடிகட்டி வைத்தது வேண்டும். அன்றைக்கு எங்களிடம் அது இல்லை. வேலை செய்த உடுப்போடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்காதீர்கள் என்பதையும் அக்காவிடம் சொன்னேன். குட்டியானைக்காரர் கட்டை ஏற்ற மாட்டேன் என்றார். அது இன்னும் அத்தை வீட்டுப் பின்னால் தார்ப்பாய் மூடிக் கிடக்கிறது. கூரை மாற்ற மானியம் தருகிற அரசு, பழைய கூரையை எடுத்துப்போகவும் ஆளும் வண்டியும் தரவேண்டும் என்று மனு எழுதியிருக்கிறோம்.

ஒரு நோட்டும் போட்டிருக்கிறேன். பெயர், தேதி, தெரு, எத்தனை ஷீட், நனைத்தார்களா இல்லையா. முதல் பக்கத்தில் அந்த அக்கா. பழைய கணக்கையும் எழுதச் சொன்னார். தானே புயலிலிருந்து விரல்விட்டு எண்ணத் தொடங்கி, பதினேழாவது வீட்டில் வேலைக்குக் கூப்பிட்டார்கள், எழுந்து போய்விட்டார். அடுத்த ஞாயிறு இன்னொரு தெருவில் இரண்டு வீடு பிரிக்கிறார்கள். வர முடிந்த தோழர்கள் ஆளுக்கொரு நோட்டோடு வாருங்கள்.