இறுகிய மரை

ஒருவருடைய சித்தம் சற்றே தடுமாறினால், "மரை கழன்றுவிட்டது" என்று நம்மவர் கேலி பேசுவது வழக்கம். கழன்ற மரையைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், கழலாத மரையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. குடும்பம் நடத்துவோருக்குத் தொல்லை தருவது பெரும்பாலும் இரண்டாவதுதான். ஊறுகாய் ஜாடியின் மூடி, குழாயின் தலை, டார்ச் விளக்கின் அடிமூடி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இறுகிக்கொண்டால், வீட்டிலுள்ள ஆண்மக்கள் வரிசையாக வந்து தம் புயவலிமையைச் சோதித்துவிட்டு, உள்ளங்கை சிவந்து திரும்புவர். இவற்றுள் டார்ச் விளக்கைப் பற்றியே இங்குக் கூற விழைகிறோம்.

நம் தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பம்பாய்க்கு வந்து, ரயில்வே பட்டறையில் இரவு முறை வேலை பார்த்தவர். மூன்று பாட்டரிக் கட்டைகள் கொள்ளும், நிக்கல் முலாம் பூசிய பித்தளை டார்ச் ஒன்று அவர் கையில் எப்போதும் இருக்கும். 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள், சாந்தாக்ரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி மாநகரம் மூழ்கிய அன்று, மின்சாரமற்ற நம் கட்டடத்தின் படிகளில் அண்டை வீட்டாரை ஏற்றி இறக்கியது அந்த விளக்கே. தந்தையார் மறைந்தபின் அது பாட்டரிகளோடு பரண் ஏறிவிட்டது.

அன்னையாருக்கு இப்போது எண்பத்து மூன்று வயது. கண் மங்கிவிட்டது. சென்ற மழைக்காலத்தில் விளக்கு அணைந்த ஓர் இரவில், வாயிற்படி தடுக்கி விழ இருந்தார். கதவைப் பற்றிக்கொண்டதால் தப்பினார். புதிய பிளாஸ்டிக் விளக்கு ஒன்று தலைமாட்டிலேயே இருந்தது. ஆனால் அதன் சிறு பொத்தான் இருட்டில் அவர் விரலுக்கு அகப்படவில்லை. தந்தையாரின் விளக்கில் உள்ள தள்ளு பொத்தானையோ அவருடைய பெருவிரல் தானாகவே கண்டுகொள்ளும். பரணிலிருந்து அதை இறக்கினோம். அடிமூடி அசையவில்லை. "இதைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடலாம், ஆச்சி, வேறு வாங்கித் தருகிறேன்" என்றான் நம் மகன். "சாமானப் போட்டிரலாம். என் கை பழகுன பழக்கத்த எந்தக் கடையில போய்ப் போட, ராசா?" என்றார் அன்னையார். அந்தக் கேள்விக்கு அவனிடம் விடையில்லை, நம்மிடமும் இல்லை.

குறடு போட்டுத் திருகலாமே என்று தோன்றுவது இயல்பு. ஆனால் பழைய டார்ச்சின் உடல் மெல்லிய தகடு. குறட்டின் பல் அழுத்தினால் வட்டம் நசுங்கும். வட்டம் கெட்ட மூடி முன்னிலும் அழுத்தமாகக் கவ்வும். ஆகவே பலத்தைப் பிரயோகிக்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இம்மரையைப் பிடித்திருப்பது எது? பிடித்திருப்பது இன்னதென்று தெரிந்தால், விடுவிக்கும் வழியும் தெரிந்துவிடும்.

வெறும் அழுக்கும் காய்ந்த கிரீசும் பிடித்திருந்தால் நல்ல பிடிமானமே போதும். பழைய சைக்கிள் டியூபிலிருந்து இரண்டு பட்டைகள் வெட்டி, ஒன்றை மூடியிலும் ஒன்றை உடலிலும் சுற்றி, இருவர் எதிரெதிரே நின்று திருக வேண்டும். மூடியை நேரே பார்த்தபடி, கோயிலை வலம் வரும் திசையில் திருப்பினால் இறுகும், எதிர்த்திசையில் கழலும். முதலில் இறுகும் பக்கம் மயிரிழை அசைத்து, பிறகு கழற்றுவது தொழிலறிந்தோர் வழக்கம். அந்தச் சிறு அசைவிலேயே பற்று உடைவது உண்டு.

பாட்டரி கசிந்து உப்புப் பூத்திருந்தால் கதை வேறு. சாதாரணத் துத்தநாகப் பாட்டரியின் கசிவு அமிலத்தன்மை உடையது. அதற்குச் சமையல் சோடா கரைத்த வெந்நீர் ஏற்றது. ஆல்கலைன் பாட்டரியின் கசிவோ காரம். அதற்கு வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு வேண்டும். இரண்டுமே தோலுக்கும் கண்ணுக்கும் ஆகாதவை, கையுறையின்றித் தொடலாகாது. பித்தளையில் பச்சைக் களிம்போ, அலுமினியத்தில் வெண்பொடியோ ஏறியிருந்தால், மரையின் இடுக்கில் ஊடுருவும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஓர் இரவு காத்திருக்க வேண்டும்.

இவற்றுக்கும் மசியாதபோது வெப்பம் துணை செய்யும். மரையின் வெளிப்புறமாக அமைந்த பாகத்தை மட்டும் விரைவாகச் சூடாக்கினால், உட்பாகம் சூடேறுமுன் அது விரியும். முப்பது மில்லிமீட்டர் அகலமுள்ள பித்தளை மூடி அறுபது டிகிரி கூடுதலாகச் சூடேறும்போது, ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான் விரியும். தலைமுடியின் பருமனுக்கும் குறைவான இந்த அளவு போதுமா எனின், பெரும்பாலும் போதும். முடி உலர்த்தும் கருவியோ, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியோ இதற்குத் தகும். நேரடி நெருப்புக் கூடாது. பாட்டரி உள்ளே இருக்கையில் கடுஞ்சூடு காட்டுவது ஆபத்து. லித்தியம் பாட்டரியானால் தீப்பற்றி வெடிக்கவும் கூடும். அத்தகைய விளக்கைச் சூடாக்கவே கூடாது.

இக்காலத்து அலுமினிய விளக்குகளின் தலைப்பாகத்தை ஆலையிலேயே பசையிட்டு ஒட்டியிருப்பதும் உண்டு. மரைப்பசைகளுள் நீல நிறத்தது கைக் கருவிக்கே இணங்கும். கடினமான சிவப்புப் பசை இளக ஏறத்தாழ 250 டிகிரி வெப்பம் வேண்டும். ஈயப் பற்று அதற்கு முன்னரே உருகிவிடும். அத்தகைய விளக்கைத் திறக்காமல் விடுவதும் ஒரு கைத்திறனே.

நம் விளக்கைப் பிடித்திருந்தவை கசிவும் களிம்பும் ஆகிய இரண்டும். சோடா நீர் ஒரு நாள், எண்ணெய் ஓர் இரவு, மூன்றாம் நாள் வெந்நீர்த் துணி என்று முறையே செய்தோம். டியூப் பட்டையைச் சுற்றி நாம் உடலைப் பிடிக்க, மகன் மூடியைத் திருகினான். 'கிறீச்' என்று ஓர் ஒலி. பிறகு மூடி சுழன்றது. உப்பிய பாட்டரிகளைத் தலைப்பக்கமிருந்து மரக்குச்சியால் தள்ளி வெளியேற்றினோம்.

மூடியின் உட்புறம், சுருள் கம்பியின் நடுவே, பஞ்சில் பொதிந்த உதிரி பல்பு ஒன்று இருந்தது. அக்காலத்து விளக்குகளில் அதற்கென்றே ஓர் இடம் இருந்ததை நாம் மறந்தே போயிருந்தோம். மகன் அதை உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்தான். பழைய சாமான்காரரைப் பற்றி அவன் மறுபடி பேசவில்லை.

பல்பு இருந்த இடத்தில் எல்.இ.டி. பொருத்துவதே எஞ்சிய வேலை. நீல ஒளி எல்.இ.டி.யைக் கண்டதற்காக ஜப்பானில் பிறந்த அறிஞர் மூவர் 2014-இல் நோபல் பரிசு பெற்றனர்; இன்றைய வெள்ளை ஒளிக்கு அதுவே மூலம். பழைய பல்பின் அடிப்பாகத்துக்கு ஒத்த எல்.இ.டி. லாமிங்டன் சாலையில் கிடைத்தது. வெள்ளை எல்.இ.டி.க்கு ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும்; மூன்று கட்டைகள் தருவது 4.5 வோல்ட். ஆதலின் அந்த அளவுக்கென்றே செய்ததைக் கேட்டு வாங்க வேண்டும். சாதாரண பல்புக்குப் பாட்டரியின் திசை ஒரு பொருட்டன்று, எல்.இ.டி.யோ ஒரு திசையில்தான் எரியும்.

மூடுமுன் மரையைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, வாஸ்லின் மெல்லியதாகத் தடவினோம். ரப்பர் வளையம் உள்ள புதிய விளக்காயின் சிலிகோன் கிரீசே தக்கது. தந்தையாரின் பல்பை அதன் பஞ்சோடு அதே இடத்தில் வைத்தோம். மூடியை அளவாக மட்டுமே இறுக்கினோம். அடுத்து அதைத் திறக்க வேண்டியவர் அன்னையாராகவும் இருக்கலாம். அவருடைய விரல்களுக்கும் அது இணங்க வேண்டுமன்றோ!

மாட்டுங்காவிலோ, செம்பூரிலோ, தாராவியிலோ, பரணில் இவ்வாறு ஒரு விளக்கு உறங்கும் இல்லங்கள் பல இருக்கும். மழைக்காலம் வருமுன் அதை இறக்கி மூடியை ஒருமுறை திருகிப் பாருங்கள். கழன்றால் பாட்டரிகளை எடுத்துத் தனியே வையுங்கள். கழலவில்லையெனில், குறட்டைத் தேடாமல் சைக்கிள் டியூபைத் தேடுங்கள். மூன்று நாள் பொறுத்திருங்கள்.